செத்த பிறகு பதவி உயர்வு

சோக நாடகத்தைக் கண்டுபிடித்தவர்கள் கிரேக்கர்கள் என்று பாடப்புத்தகத்தில் போட்டிருக்கிறது. அழுவதையே அவர்களிடம்தான் கற்றுக்கொண்டோம் என்று போடாமல் விட்டார்களே, அதுவரைக்கும் சந்தோஷம். கி.மு. 534 வாக்கில் ஏதென்ஸ் திருவிழாவில் கும்பலாக நின்று ராஜாவைப் பற்றிப் பாடிக்கொண்டிருந்தார்கள். அதில் தெஸ்பிஸ் என்று ஒருவர் ஓரடி தள்ளி வந்து நின்று, "அந்த ராஜாவே நான்தான்" என்று பேச ஆரம்பித்துவிட்டார். பாடினவர்கள் முழித்தார்கள். பார்த்தவர்கள் கொண்டாடினார்கள். பரிசாக ஓர் ஆடு கொடுத்ததாக ஒரு பேச்சு உண்டு. உலகத்தின் முதல் நடிகர், முதல் சம்பளம், முதல் கறிக்குழம்பு எல்லாம் ஒரே நாளில் ஆயிற்று.

இதே காரியத்தைத் திருச்செந்தூருக்குத் தெற்கே குலசேகரன்பட்டினத்தில், சுருக்கமாகக் குலசையில், தசராவுக்குத் தசரா ஆயிரக்கணக்கான பேர் செய்கிறார்கள். விரதம் இருந்து காப்புக் கட்டிக்கொண்டு ஒருவர் ராஜா ஆகிறார், ஒருவர் போலீஸ், ஒருவர் பிச்சைக்காரர், ஒருவர் கரடி. நேற்றுவரை லோடு ஆட்டோ ஓட்டியவர் சடைமுடி, கிரீடம், நெற்றிப்பட்டை, வீரப்பல், முதுகில் தகரக் கைகள் சகிதம் காளி ஆகிவிடுகிறார். இவர்களுக்கு யாரும் ஆடு கொடுப்பதில்லை. தாரை தப்பட்டையோடு ஊர் ஊராகப் போய்க் காணிக்கை பிரித்து, அதையும் முத்தாரம்மன் உண்டியலில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும். தெஸ்பிஸ் இங்கே வந்து தனியாக ஓரடி தள்ளி நின்றிருந்தால், "அண்ணாச்சி எந்த தசரா செட்டு?" என்று கேட்டிருப்பார்கள். அதற்கு மேல் ஒரு பரபரப்பும் இருந்திருக்காது.

தெஸ்பிஸுக்குப் பிறகு ஏதென்ஸில் வேலை வேகமாக நடந்தது. ஒரே நடிகர் தனக்குத் தானே எவ்வளவு நேரம் புலம்புவார் என்று ஏஸ்கிலஸ் இரண்டாவது நடிகரைச் சேர்த்தார். சண்டைக்கு ஆள் கிடைத்தது. சோபக்ளிஸ் மூன்றாவது நடிகரைச் சேர்த்தார்; சண்டையை மூட்டிவிடவும் ஆள் கிடைத்தது. மூன்றாம் ஆள் வந்தால்தான் குடும்பம் சரியாக நாசமாகும் என்பதைச் சோபக்ளிஸ் எங்கே தெரிந்துகொண்டாரோ, திருநெல்வேலிப் பக்கம் சொத்து வழக்கு நடத்தியவர்களுக்கு அது சொல்லாமலே தெரியும்.

இடையில் பிரினிகஸ் என்ற அப்பாவி ஒருவர் மாட்டினார். கி.மு. 494இல் பாரசீகர்கள் மிலீட்டஸ் நகரத்தைப் பிடித்துச் சூறையாடினார்கள். அது ஏதென்ஸ்காரர்களுக்கு வேண்டப்பட்ட ஊர். பிரினிகஸ் அதையே நாடகமாகப் போட்டார். கொட்டகையே கதறி அழுதது. நம்மூராக இருந்தால் நூறாவது நாள் விழா எடுத்திருப்பார்கள். ஏதென்ஸில் அவருக்கு 1000 திராக்மா அபராதம் போட்டார்கள். சொந்தக்காரன் வீட்டு இழவை ஞாபகப்படுத்தினாராம். இனி ஒருவரும் அந்த நாடகத்தை எடுக்கக் கூடாது என்று தடையும் போட்டார்கள். ஹெரடோட்டஸ் இதை எழுதி வைத்திருக்கிறார்.

ஏஸ்கிலஸ் புத்திசாலி. கி.மு. 472இல் அதே பாரசீகர்களை வைத்து அவரும் நாடகம் போட்டார். இந்தத் தடவை அழுதது பாரசீக அரண்மனை. தோற்றுப்போய்க் கிழிந்த உடையோடு வந்து நிற்கும் எதிரி ராஜாவைப் பார்த்து ஏதென்ஸ் உருகியது; முதல் பரிசும் கொடுத்தது. எதிராளி வீட்டு இழவு என்றால் கண்ணீரும் வரும், வயிற்றுக்குள் கொஞ்சம் குளிர்ச்சியும் வரும்.

அந்த மிலீட்டஸ் அப்புறம் திருநெல்வேலிக்கு வந்தது. லிட்டன் பிரபு என்ற இங்கிலீஷ்காரர் மிலீட்டஸின் காணாமல் போன கதைகள் என்று பாட்டுகள் எழுதினார். அதில் ரகசிய வழி என்று ஒரு கதை. திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியராக இருந்த பெ. சுந்தரம் பிள்ளை அதை எடுத்து, பாண்டியனாக்கி, சேரனாக்கி, 1891இல் 'மனோன்மணீயம்' என்று அச்சிட்டார். ஜீவக பாண்டியன் தலைநகரையே மதுரையிலிருந்து திருநெல்வேலிக்கு மாற்றிக்கொண்டு வருகிறான். கோட்டை கட்டுகிறான். குடிலன் என்று ஒரு மந்திரி கூடவே இருந்து குழி பறிக்கிறான். படை தோற்கிறது. ராஜா உடைந்து போகிறான். ஒரு கிரேக்கனிடம் கொடுத்திருந்தால் இந்த இடத்திலிருந்து ஆறு பிணமாவது விழுந்திருக்கும். நம்ம சுந்தர முனிவர் என்ன செய்தார்? ஆசிரமத்திலிருந்து அரண்மனைக்குச் சுரங்கம் தோண்டி வைத்திருந்தார். படையெடுத்து வந்த சேரன் புருஷோத்தமன் அதன் வழியாக வந்து மனோன்மணியைக் கல்யாணம் செய்துகொண்டான். ஏதென்ஸில் 1000 திராக்மா அபராதம் வாங்கிய மிலீட்டஸ், தாமிரபரணித் தண்ணீர் பட்டதும் மணமேடை ஏறிவிட்டது.

பிள்ளையவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. மேலிடத்து உத்தரவே அப்படி. மேடையில் சாவைக் காட்டாதே, நாடகத்தை மங்களமாக முடி என்று நாட்டிய சாஸ்திர மரபு கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. சகுந்தலை எவ்வளவு அழுதாலும் கடைசி அங்கத்தில் குடும்பம் சேர்ந்தே ஆக வேண்டும். இந்த உத்தரவை மீறிய ஒருவரைத் தேடிப் பிடித்தவர் நம்ம தருவைக்காரர். தருவையில் பிறந்து திருவனந்தபுரத்தில் சமஸ்கிருதச் சுவடிகளை மேய்ந்துகொண்டிருந்த த. கணபதி சாஸ்திரிக்கு, 1909இல் பத்மநாபபுரம் பக்கம் மணலிக்கரையில் ஒரு மடத்தில் ஓலைக்கட்டு ஒன்று அகப்பட்டது. உள்ளே நாடகங்கள். காணாமல் போன பழைய சமஸ்கிருத நாடகாசிரியர் பாசனுடையவை இவை என்றார் சாஸ்திரி. பாசன்தானா, இல்லையா என்று பண்டிதர்கள் இன்றுவரை ஒருவர் குடுமியை ஒருவர் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அது கிடக்கட்டும். அதில் 'ஊருபங்கம்' என்று ஒரு நாடகம். தொடை முறிந்த துரியோதனன் தரையில் தவழ்ந்து வந்து, பெற்றோரிடமும் மனைவியரிடமும் பிள்ளையிடமும் விடைபெற்றுக்கொண்டு, மேடையிலேயே செத்துப்போகிறான். வில்லன் என்று நாம் எழுதி ஒதுக்கிய ஆளுக்கு இப்படி ஒரு சாவு. ஆசாமி மடத்து ஓலைக்கட்டுக்குள் ஒளிந்திருந்ததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

மங்களமாக முடித்தே தீர வேண்டும் என்ற வியாதி நமக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். ஷேக்ஸ்பியரின் லியர் ராஜா கதையில் கடைக்குட்டி கார்டீலியாவும் செத்து, கிழவனும் செத்துப்போவது இங்கிலாந்துக்காரர்களுக்குத் தாங்கவில்லை. 1681இல் நஹும் டேட் என்பவர் கடைசியைக் கிழித்துப் போட்டுவிட்டு, லியரைப் பிழைக்க வைத்து, கார்டீலியாவை எட்கருக்குக் கட்டிவைத்தார். சுமார் 150 வருஷம் அந்த ஊர் மேடையில் ஓடியது அந்தக் கல்யாணப் பதிப்புதான். நாம் அவர்களிடம் ஷேக்ஸ்பியரை வாங்கி வந்தபோது அவர்கள் வீட்டிலேயே அவர் திருந்தி ஐம்பது அறுபது வருஷம்தான் ஆகியிருந்தது. சென்னையில் வக்கீல் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபை வைத்து ஹாம்லெட்டை 'அமலாதித்யன்' ஆக்கினார். தமிழ் பேசும் டென்மார்க் இளவரசன் விறைப்பாக நின்று வேதாந்தம் பேசினான். பட்டணத்து வக்கீல்கள் ரசித்தார்கள். அவர்கள் ரசிப்பார்கள், கட்சிக்காரன் புலம்பலைக் காசு வாங்கிக்கொண்டு கேட்பவர்கள்.

தெற்கே அழ வைத்தவர் வேறு ஆள். தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள், நாடகத்துக்கு வருவதற்கு முன்னால் தூத்துக்குடியில் உப்புப் பண்டகசாலையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். கண்ணீர்த் தொழிலுக்கு இதைவிடப் பொருத்தமான பயிற்சி வேறென்ன இருக்கிறது? நடிக்க வந்ததும் அவருக்குக் கிடைத்தவை எமன், சனீஸ்வரன் மாதிரி வேஷங்கள். ஆகிருதியும் குரலும் அப்படி. சோக நாடகம் பார்ப்பவனுக்கு அச்சமும் இரக்கமும் வர வேண்டும் என்று அரிஸ்டாட்டில் எழுதி வைத்தார். சுவாமிகள் இரக்கத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அச்சத்தை முதலில் எடுத்துக்கொண்டார். சனீஸ்வரன் வேஷத்தைக் கலைக்க விடியற்காலையில் குளத்துக்குப் போனபோது, துணி துவைக்க வந்த ஒரு பெண் அவரைப் பார்த்த அதிர்ச்சியில் உயிரையே விட்டதாக நாடகக்காரர்கள் சொல்வார்கள். அத்தோடு மனுஷர் வேஷம் கட்டுவதை விட்டார். எழுதுவதும் சொல்லிக்கொடுப்பதும் போதும் என்று வாத்தியார் ஆனார். 1918இல் மதுரையில் பையன்களைச் சேர்த்துத் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்று ஆரம்பித்தார். டி.கே.எஸ். சகோதரர்கள் வந்தது அங்கேதான்.

வாத்தியாரின் சூட்சுமம் ஒன்று உண்டு. சக்கர வியூகத்துக்குள் மாட்டி அநியாயமாகச் சாகிற பையன் அபிமன்யு. அவனை வைத்து ஒரே ராத்திரியில் முழு நாடகம் எழுதினார். எதைப் பற்றி? அவன் கல்யாணத்தைப் பற்றி. பெயர் 'அபிமன்யு சுந்தரி'. பிள்ளை சாகப்போகிறவன் என்று கொட்டகைக்கே தெரியும்; அதனால் அவன் காதல் பாட்டுப் பாடும்போதே பின்வரிசைக் கிழவிகள் மூக்கைச் சிந்த ஆரம்பித்துவிடுவார்கள். சாவை மேடையில் காட்டாமலே சாவுக்கு உண்டான வசூல். நாட்டிய சாஸ்திரம் எந்த ஷரத்தில் வழக்குப் போடும்?

ஆனால் தெற்கத்தி அழுகையின் உச்சம் அரிச்சந்திரா மயான காண்டம். பத்து மணிக்கு மேல் ஆரம்பித்து விடிய விடிய நடக்கும் நாடகம். ராஜபார்ட் நாட்டை இழக்கிறார், பெண்டாட்டி பிள்ளையை விற்கிறார், சுடுகாட்டில் பிணம் எரிக்கிறார். ஸ்திரீபார்ட் பாம்பு கடித்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தால், எரிக்கக் கூலி கேட்கிறார். ஹார்மோனியக்காரர் விடுவாரா? கட்டையைக் கூட்டிக்கொண்டே போவார். மூன்று மணி வாக்கில் கொட்டகையில் காய்ந்த முந்தானை ஒன்றும் இருக்காது. நடுநடுவே பபூன் வந்து ஊர்த் தலையாரியைக் கிண்டல் பண்ணிவிட்டுப் போவார். ஏதென்ஸிலும் இதே ஏற்பாடுதான்: மூன்று சோக நாடகம், கடைசியாக ஆபாசமாக ஒரு சாட்டிர் கூத்து. அவர்கள் பபூனைக் கடைசி வரை காக்க வைத்தார்கள். நாம் அரைமணிக்கு ஒருதரம் விட்டோம். நாள் முழுக்கக் கருவேலங்காட்டிலும் உப்பளத்திலும் வேலை செய்துவிட்டு வந்தவனை எட்டு மணி நேரம் ஒரே மூச்சில் அழச் சொன்னால் எழுந்து போய்விடுவான்.

கடைசியில், பொழுது விடிகிற நேரத்துக்கு, அரிச்சந்திரன் தன் பெண்டாட்டியையே வெட்ட வாளை ஓங்குவார். சிவபெருமான் வருவார். பிள்ளை எழுந்திருப்பான். ராஜ்யம் திரும்பும். எட்டு மணி நேரம் அழுகை, ஐந்து நிமிஷம் மங்களம். அந்த ஐந்து நிமிஷம் இல்லாவிட்டால் டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்பார்கள்.

சரி, சிவபெருமான் வராவிட்டால்? தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் அதற்கும் ஓர் ஏற்பாடு இருக்கிறது. இந்தச் சீமையின் சோக நாடகம் கொட்டகையில் இல்லை, கோயில் கொடையில் வில்லடித்துப் பாடுகிற இடத்தில் இருக்கிறது. முத்துப்பட்டன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பிராமணப் பையன். பாபநாசத்துக் காட்டில் பொம்மக்கா, திம்மக்கா என்று இரண்டு பெண்கள் பாடுவதைக் கேட்டு மயங்கி விழுகிறான். அவர்கள் மாடு மேய்க்கிற, செருப்புத் தைக்கிற வாலப்பகடையின் மகள்கள். பெண் கேட்கிறான். வாலப்பகடை லேசில் ஏமாறுகிறவரா? "சாமி, குடுமிய அறுத்து, பூணூல அறுத்து, செருப்புத் தச்சுக் கொண்டாரும், அப்புறம் பேசுவோம்" என்கிறார். தைத்துக் கொண்டுவருகிறான். கல்யாணம் நடக்கிறது. அன்றைக்கே மாட்டுத் திருடர்கள் வருகிறார்கள். மாப்பிள்ளை போய்ச் சண்டை போட்டு மாடுகளை மீட்கிறான். மறைந்திருந்த ஒருவன் குத்திக் கொல்கிறான். பெண்கள் இருவரும் தீயில் இறங்குகிறார்கள்.

அரிஸ்டாட்டில் சட்டத்தை இதில் வைத்துப் பார்த்தால் முழி பிதுங்கும். கதாநாயகன் ஒரு பிழை செய்ய வேண்டும், அதனால் விழ வேண்டும் என்கிறார் அவர். பட்டன் செய்த பிழை என்ன? கேட்டால் அவன் அண்ணன்மார் ஒன்று சொல்வார்கள். வில்லுக்காரர் சிரிப்பார்: திருட்டுப் பயல் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்காமல் நின்றான் பாருங்கள், அதுதான். அவன் காதலித்ததைப் பிழை என்று கதை ஓரிடத்திலும் சொல்லவில்லை. பொறுக்காதவர்கள் பிற்பாடு ஒரு பதிப்புச் செய்தார்கள்: அந்தப் பெண்கள் உண்மையில் காட்டில் விடப்பட்ட பிராமணக் குழந்தைகளாம், பகடை எடுத்து வளர்த்தாராம். நஹும் டேட்டுக்கு எல்லா ஊரிலும் பங்காளிகள் உண்டு. நாங்குநேரிக்காரர் நா. வானமாமலை இந்தக் கதையைப் பதிப்பித்தபோது ஒட்டுப்போட்டதை ஒட்டு என்றே காட்டினார்.

விஷயம் அதற்கு அப்புறம்தான் இருக்கிறது. ஏதென்ஸில் கதாநாயகன் செத்தால் கூட்டம் வீட்டுக்குப் போய்விடும். இங்கே செத்த பிறகுதான் அவருக்கு உத்தியோகம் ஆரம்பிக்கிறது. பட்டன் பட்டவராயன் ஆனார். காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் அவருக்கு இடம். ஆடி அமாவாசைக்குப் போகிறவர்கள் அவர் சந்நிதியில் செருப்புக் காணிக்கை வைக்கிறார்கள். அடுத்த வருஷம் பார்த்தால் அந்தச் செருப்பு தேய்ந்திருக்கும், ராத்திரி காட்டுக்குள் அவர் காவல் சுற்றுகிறார் என்பார்கள். பூணூலை அறுத்ததற்காகத் தள்ளி வைத்த ஆளுக்குப் புதுச் செருப்பாகக் கொண்டுபோய்க் குவிக்க வேண்டியதாயிற்று. அநியாயமாகச் செத்தவன் சாமியாகி, ஊரிடம் வருஷா வருஷம் வட்டி வசூலிக்கிறான். திருநெல்வேலிச் சீமையில் பாதிக் கோயில்கள் இப்படிப்பட்ட பாக்கி வசூல்தான்.

கண்ணகி கதையும் இந்தக் கணக்கில்தான் வரும். இளங்கோவடிகள் மதுரை எரிந்ததோடு நிறுத்தியிருந்தால் கிரேக்கர்களே தலை வணங்கியிருப்பார்கள். அவர் வஞ்சிக் காண்டம் என்று இன்னொன்றைச் சேர்த்து, இமயத்திலிருந்து கல் எடுத்துவந்து, கோயில் கட்டிவிட்டுத்தான் எழுத்தாணியைக் கீழே வைத்தார். பின்னால் வந்த கோவலன் கதைகளில் கண்ணகி காளி அவதாரமாகவே ஆகிவிட்டாள்.

கிரேக்கர்கள் மட்டும் இதற்கு விதிவிலக்கா என்றால், அதுதான் இல்லை. ஈடிபஸ் கதையை வில்லில் பாடினால் எப்படி இருக்கும் என்று பார்ப்போம்.

"தீப்ஸ்னு ஒரு நாடு."

"ஆமா."

"பொறக்கப்போற பிள்ள அப்பனக் கொல்லும்னு குறி சொல்லிட்டான்."

"ஆமா."

"காட்டுல போட்டாவ. பிள்ள பொழச்சிக்கிட்டான். வளந்து வந்து, முச்சந்தியில ஒரு கெழவன்கூடத் தகராறு. அடிச்சுக் கொன்னுட்டான். அது அப்பன்."

"ஆமா."

"பெறவு அரண்மனைக்கு வந்து ராணியக் கட்டினான். அது..."

இந்த இடத்தில் பின்பாட்டுக்காரர் ஆமா போட மாட்டார். உடுக்கைக்காரர் எழுந்து வெற்றிலை வாங்கப் போய்விடுவார். ஆனால் மிச்சக் கதையைக் கேட்டால் இருவரும் திரும்பி வருவார்கள். கண்ணைக் குத்திக்கொண்டு ஊர் ஊராக அலைந்த அந்த ஈடிபஸைச் சோபக்ளிஸ் அப்படியே விடவில்லை. தொண்ணூறு வயதை நெருங்கும்போது இன்னொரு நாடகம் எழுதினார். அதில் குருட்டு ஈடிபஸ் கொலோனஸ் என்ற ஊர்த் தோப்புக்கு வந்து சேர்கிறான். இடி முழங்குகிறது. ஆள் மாயமாகிவிடுகிறான். அவன் மறைந்த இடம் இனி ஏதென்ஸுக்குக் காவல் என்று முடிகிறது. கொலோனஸ் எது? சோபக்ளிஸ் பிறந்த ஊர். கிழவர் போகும்போது தம் சொந்த ஊருக்கு ஒரு காவல் தெய்வத்தை ஏற்பாடு செய்துவிட்டுப் போயிருக்கிறார். நாடகம் மேடையேறியது அவர் காலத்துக்குப் பிறகு, கி.மு. 401இல். அரிஸ்டாட்டில் இலக்கணம் எழுதும்போது இந்த ஈடிபஸை விட்டுவிட்டு முந்தின ஈடிபஸையே திரும்பத் திரும்பப் பிடித்துக்கொண்டார்.

சினிமாக்காரர்கள் இலக்கணம் படிக்காமலே இதைப் புரிந்துகொண்டார்கள். 1956இல் 'மதுரை வீரன்'. எம்.ஜி.ஆருக்கு மாறுகால் மாறுகை வாங்கியே விடுகிறார்கள். ஆனால் உடனே சாமியாகி, இருபுறமும் தேவியரோடு விண்ணுலகம் போகிறார். படம் ஊரெல்லாம் நூறு நாள் தாண்டி ஓடியது. 1962இல் 'பாசம்'. அதிலும் எம்.ஜி.ஆர். செத்தார், ஆனால் சும்மா செத்தார். பதவி உயர்வு கிடையாது. ஜனங்களுக்குப் பிடிக்கவில்லை. சாவதில் ஆட்சேபணை இல்லை, செத்துவிட்டுச் சும்மா கிடப்பதில்தான் ஆட்சேபணை.

இவ்வளவு வேஷம் கட்டுகிற குலசைக்காரர்கள், தங்கள் ஊர்ப் பெயரிலேயே முதல் தரமான சோக நாடகம் ஒன்று கேட்பாரற்றுக் கிடப்பதைக் கவனிக்கவில்லை. குலசேகரன் என்று பெயர் வைத்துக்கொண்ட பாண்டியர்கள் பலர். அதில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் கதை ஒன்று போதும். 1268இல் பட்டத்துக்கு வந்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆண்டவர். பக்கத்துக் காயல் துறைமுகத்தில் அரபிக் குதிரைகள் வந்து இறங்கிய வண்ணம் இருந்தன. அங்கே வந்த மார்க்கோ போலோ இந்தச் சீமை ராஜ சகோதரர்களைப் பற்றி ஒரு செய்தி எழுதியிருக்கிறார். அண்ணன் தம்பி சண்டைக்குக் கிளம்பினால் தாய்க்கிழவி கத்தியோடு குறுக்கே வந்து, "உங்களுக்குப் பால் கொடுத்த மார்பை அறுத்துப் போடுவேன்" என்று மிரட்டுவாளாம்; உடனே அடங்கிவிடுவார்களாம். அடங்காமல் என்ன செய்வார்கள்? அந்த வகை மிரட்டல் ஒன்று நிஜமாகி மதுரை ஒருதரம் எரிந்த கதை எல்லோருக்கும் தெரியுமே. கிழவி போன பிறகு இவர்கள் ஒருவரையொருவர் அழிப்பது நிச்சயம் என்றும் மார்க்கோ போலோ எழுதி வைத்துவிட்டார். வெளிநாட்டு ஜோசியர் வாக்கு.

ஏறக்குறைய அப்படியேதான் ஆயிற்று. குலசேகரர் தம் பிள்ளைகளில் வீரபாண்டியனுக்குப் பட்டம் என்று முடிவு செய்தார். பட்டத்தரசிக்குப் பிறந்த சுந்தரபாண்டியனுக்கு வந்தது கோபம். 1310இல் பெற்ற தகப்பனையே கொன்றான் என்கிறார் பாரசீக வரலாற்றாசிரியர் வசாப். பிறகு அண்ணனும் தம்பியும் நாட்டைக் கிழித்துக்கொண்டிருந்தபோது 1311இல் மாலிக் காபூர் படையோடு வந்து சேர்ந்தார். தவறான வாரிசைத் தேர்ந்தெடுத்த கிழட்டு ராஜா, தகப்பனைக் கொன்ற மகன், சகோதரச் சண்டை, வாசலில் அந்நியப் படை. ஷேக்ஸ்பியர் காலில் இது தட்டுப்பட்டிருந்தால் ஐந்து அங்கம் எழுதி, லியரை மூலையில் போட்டிருப்பார். நம் நாடகக்காரர்கள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. காரணம் எனக்குத் தெரிந்தவரை ஒன்றுதான்: குலசேகரர் செத்த பிறகு யார் கனவிலும் வந்து கொடை கேட்கவில்லை. கேட்காதவனுக்கு இந்த ஊரில் கூத்து கிடையாது.

600 வருஷத்துக்கு அப்புறம் இதே ஊரில் மயான காண்டம் ஒன்று நிஜமாக நடந்தது. 1942 செப்டம்பரில், வெள்ளையனே வெளியேறு என்று நாடு கொதித்துக்கொண்டிருந்தபோது, இளைஞர் கூட்டம் ஒன்று குலசை உப்பளத்துக்குள் புகுந்தது. மோதலில் உதவி உப்பு ஆய்வாளர் லோன் கொல்லப்பட்டார். வழக்கு நடந்தது. காசிராஜன், ராஜகோபாலன் இருவருக்கும் தூக்கு. வாள் ஓங்கியாகிவிட்டது. அப்பீல், மனு, தலைவர்கள் முயற்சி என்று இழுத்து, தூக்கு ரத்தாகி, காங்கிரஸ் ஆட்சி வந்ததும் இருவரும் சிறையிலிருந்து வெளியே வந்தார்கள். கடைசி நேரத்தில் சிவபெருமான் வந்தேவிட்டார். அந்தத் தடவை கதர் கட்டிக்கொண்டு வந்தார். செத்துப்போன லோனின் வீட்டில் அந்தக் கதை எப்படி முடிந்தது என்பதை நம் பக்கத்தில் யாரும் பாடவில்லை. எதிராளி வீட்டு இழவையும் ஏஸ்கிலஸ் மாதிரி எழுத நமக்கு இன்னும் கை வரவில்லை.

அரிஸ்டாட்டிலையே ஒரு தடவை விஜயதசமி ராத்திரி குலசைக் கடற்கரையில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும் என்று எனக்கு ஆசை. தாடியைப் பார்த்துவிட்டுச் சாமியார் வேஷம் என்று நினைத்து யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள். பன்னிரண்டு மணிக்கு மகிஷாசுரன் வருகிறான். அம்மன் சிங்க வாகனத்தில் வருகிறாள். வறுகடலைக்காரரிடம் அவர் விசாரிக்கிறார்.

"இதில் கதாநாயகன் யார்?"

"அம்மன்தான்."

"அவள் விழுவாளா?"

"அம்மன் எதுக்குய்யா விழணும்? நல்ல நாளும் அதுவுமா!"

"அப்படியென்றால் அசுரன். அவன் செய்த பிழை என்ன?"

"சிங்கத்தலை, எருமைத்தலைன்னு மாத்தி மாத்தி வாறான் பாத்தியளா, அதான். ஒரே தலையோட வந்தா பேசித் தீத்திருக்கலாம்."

"சரி. இதைப் பார்ப்பவர்களுக்கு அச்சமும் இரக்கமும் பொங்கி, வடிந்து, மனசு சுத்தமாகுமா?"

"வடியணும், வாஸ்தவம். ஆனா எங்களுக்கு இல்ல. அம்மனுக்கு."

இந்த ஓர் இடத்தில் கடலைக்காரர் சொல்வதை அரிஸ்டாட்டில் குறித்துக்கொள்ள வேண்டும். சம்ஹாரம் முடிந்ததும் இங்கே சாந்தாபிஷேகம் நடக்கிறது. கொன்ற உக்கிரம் அம்மனிடமே தங்கிவிடக் கூடாது என்று அபிஷேகம் செய்து குளிர வைக்கிறார்கள். பார்க்க வந்தவன் மனசை நாடகம் கழுவ வேண்டும் என்றார் அவர். இங்கே நாடகம் ஆடியவளைப் பார்க்க வந்தவர்கள் கழுவிவிடுகிறார்கள். அவர் புத்தகத்தில் இந்த அத்தியாயம் இல்லை.

யூரிப்பிடிஸைக் கூட்டிவந்தால் அவர் கவனம் வேறு பக்கம் போகும். மேலிருந்து தெய்வத்தை இறக்கப் பளுதூக்கி வைத்தவர் அவர். பிள்ளைகளைக் கொன்ற மீடியாவைச் சூரியனின் ரதத்தில் ஏற்றிப் பறக்கவிட்டவரும் அவர்தான். அந்த வருஷம் அவருக்கு மூன்றாம் பரிசுதான் கிடைத்தது. 2024 பிப்ரவரியில் குலசையில் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள் என்று கேட்டால், மனுஷர் மேடையை மறந்து அந்தப் பக்கம் நடையைக் கட்டிவிடுவார்.

விடியப் போகிறது. வேஷம் கட்டியவர்கள் பஸ் ஸ்டாண்டுக்கு வருகிறார்கள். ராஜா கிரீடத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஜன்னல் சீட்டுக்குப் பாய்கிறார். கரடி ஃபுட்போர்டில் தொங்குகிறது. காளி மட்டும் கதவில் மாட்டிக்கொண்டு நிற்கிறார்; தகரக் கைகள் உள்ளே வர மாட்டேன் என்கின்றன. பின்னால் நிற்பவர்கள் கூச்சல் போடுகிறார்கள். கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "யோவ், இத்தன கைக்கும் லக்கேஜ் போடணும்" என்கிறார்.

"ரெண்டு கைதான் என்னுது வே" என்கிறார் காளி, வீரப்பல்லைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டே. "மிச்சத்துக்கு அவகிட்ட வாங்கிக்கிடும்."